ராஜா மாறினால் போதும் என்று நினைத்தவர்கள்

1815 மார்ச் 2ஆம் தேதி, கண்டி அரண்மனை வளாகத்தில் உள்ள மகுல் மடுவ என்ற கொலுமண்டபத்தில் ஒரு சாசனம் வாசிக்கப்பட்டது. சுவர் இல்லாத மண்டபம் அது. செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள், மேலே ஓட்டுக்கூரை. ஒருபுறம் ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக்கும் அவருடைய அதிகாரிகளும். மறுபுறம் கண்டி ராஜ்யத்தின் அதிகார்கள் (அமைச்சர்கள்), திசாவைகள் (மாகாணத் தலைவர்கள்), மற்றப் பிரதானிகள். பன்னிரண்டு பிரிவுகளையும் ஆங்கிலத்தில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை வாசித்தார்கள். பிரதானிகள் சம்மதம் சொன்னார்கள். பிரிட்டிஷ் கொடி ஏறியது, பீரங்கி முழங்கியது. ராஜா அந்த மண்டபத்தில் இல்லை. அவர் பிடிபட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

போர்த்துக்கேயரையும் டச்சுக்காரரையும் அடுத்து ஆங்கிலேயரையும் இருநூறு வருஷத்துக்கு மேல் மலையில் நிலைக்க விடாத ராஜ்யம் இது. 1594இல் தந்துரேயில் ஒரு போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1630இல் ரந்தெனிவெலவில் இன்னொன்று, தன் தளபதியோடு சேர்த்து. 1803இல் கண்டி நகரைப் பிடித்து, முத்துசாமி என்ற நாயக்கர் குடும்பத்தவரைப் பொம்மை ராஜாவாக உட்கார்த்தி வைத்த ஆங்கிலேயர், மழைக்காலம் வந்ததும் காய்ச்சலில் விழுந்தார்கள். மேஜர் டேவியின் படை சரணடைந்து, மகாவலி கங்கையைக் கடக்க முடியாமல் கரையிலேயே வெட்டுண்டது. கண்டியின் போர்முறை எளிமையானது: நகரை விட்டு விலகு, காட்டுக்குள் போ, மழைக்கும் கொசுவுக்கும் காத்திரு. அப்பேர்ப்பட்ட இடம் 1815இல் ஏறக்குறையச் சண்டையே இல்லாமல் கைமாறியது எப்படி?

பிரதானிகள் காட்டிக்கொடுத்தார்கள் என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை, ஆனால் எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. தங்கள் கணக்கில் அவர்கள் அன்று புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வேண்டாத ராஜாவை இறக்கிவிட்டு, வெளியிலிருந்து இன்னொருவரைக் கொண்டுவந்தார்கள். அதை அவர்களுடைய பாட்டன்மார் ஏற்கெனவே செய்திருந்தார்கள்.

1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாமல் இறந்தபோது, அவனுடைய ராணியின் தம்பி அரியணை ஏறினான். ராணி மதுரை நாயக்கர் வழியில் வந்தவள். கண்டி ராஜாவுக்கு சூரியகுலத்துப் பெண்ணே பட்டத்தரசியாக வேண்டும் என்பது மரபு. உள்ளூர்ப் பிரதானிகளின் குடும்பங்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. அதனால் பெண் எடுப்பது கடலுக்கு அப்பால், மதுரைச் சீமையில். இப்படித் தொடங்கிய நாயக்கர் வரிசையில் நான்கு ராஜாக்கள். பங்காளிகளுக்குள் ஒருவன் ராஜாவானால் மற்ற எல்லோரும் அவன் காலில் விழ வேண்டும். அந்நியன் ராஜாவானால் அந்த அவமானம் இல்லை, யாருக்கும் யாரும் கீழே இல்லை. பிரதானிகளுக்கு வெளியூர் ராஜா வசதியாக இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வந்த ராஜாக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சைவப் பழக்கங்களோடு வளர்ந்தவன். ஆனால் அவனுடைய ஆட்சியில்தான் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த, பிக்குகளின் உயர் தீட்சையான உபசம்பதா சடங்கை 1753இல் மறுபடி நிறுவினார்கள். இன்று இலங்கையில் மிகப் பெரிய பௌத்த நிகாயமான சியாம் நிகாயம் அதிலிருந்து வந்தது. அதே ராஜாவைக் கொன்றுவிட்டு ஒரு சயாம் இளவரசனைக் கொண்டுவர 1760இல் பிரதானிகளும் சில பிக்குகளும் சதி செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சதியிலும் பாருங்கள், மாற்றாக அவர்கள் தேடியது உள்ளூர் ஆளை இல்லை.

சயாம் பிக்குகள் வந்தது டச்சுக் கப்பலில். ஒரு தீவு ராஜ்யத்துக்குச் சொந்தக் கப்பலும் இல்லை, துறைமுகமும் இல்லை என்பது விசித்திரமான நிலைமை. 1765இல் டச்சுப் படை கண்டி வரைக்கும் ஏறி வந்தது. நிலைக்க முடியாமல் இறங்கியது. ஆனால் 1766 ஒப்பந்தத்தில் தீவைச் சுற்றியிருந்த கரையோரப் பட்டி முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்டது. உப்பு எடுக்கக்கூடக் கண்டி மக்களுக்கு ஒப்பந்தத்தில் அனுமதி எழுத வேண்டியிருந்தது. உப்பும் கருவாடும் துணியும் அந்நியன் கையில். 1796இல் அந்தக் கரை ஆங்கிலேயருக்குப் போனது. ராஜ்யத்தின் முடிவைத் தேதி போட்டு எழுதுவதானால் நான் 1766லிருந்து தொடங்குவேன். கடலைக் கொடுத்த பிறகு மிஞ்சியது முற்றுகைக்கு உள்ளான ஒரு மலை.

மலைக்குள் நடப்பதைக் கரையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தவர் ஜான் டொயிலி. 1801இல் இலங்கைக்கு வந்த சிவில் அதிகாரி. மாத்தறையில் கரதோட்ட தம்மாராம தேரர் என்ற புகழ்பெற்ற பிக்குவிடம் சிங்களம் கற்றார். வெறும் பேச்சுமொழியை இல்லை, இலக்கியச் சிங்களத்தை. கஜமன் நோனா என்ற பெண்கவி அவரைப் பாடி விண்ணப்பம் அனுப்பும் அளவுக்குப் பரிச்சயம். பின்னர் அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனார். 1810லிருந்து 1815 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு அச்சில் இருக்கிறது. படித்தால் ஒரு அரசாங்கம் மற்றொரு அரசாங்கத்தை எப்படிக் காது வழியாக விழுங்குகிறது என்று தெரியும். பிக்கு வருகிறார், வியாபாரி வருகிறார், ஓடி வந்தவன் வருகிறான். ஒவ்வொருவரும் ஒரு சங்கதி சொல்கிறார்கள். எந்த திசாவைக்கு யாரோடு மனத்தாங்கல், யாருடைய பதவி போனது, அரண்மனையில் யாருக்குத் தண்டனை. டொயிலி எழுதிக்கொள்கிறார், பதில் ஓலை அனுப்புகிறார். பீரங்கியால் நடக்காததை இது சாதித்தது. இலக்கியம் படித்த மனிதரின் பொறுமை ஒரு ராஜ்யத்துக்கு இவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதை, எழுத்துத் தொழிலில் இருக்கும் நாம் சற்றுச் சங்கடத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

சொல்லச் சங்கதிகள் நிறையவே இருந்தன. கடைசி ராஜாவான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணசாமி. 1798இல் அவனைப் பட்டத்தில் ஏற்றியவர் முதல் அதிகார் பிலிமத்தலாவ. தான் ஆட்டி வைக்கலாம் என்ற கணக்கில். கணக்குத் தப்பியது. பையன் வளர்ந்தான், பிலிமத்தலாவவின் தலையை வாங்கினான். அடுத்து வந்த எஹெலபொலவும் சப்ரகமுவவில் கலகம் செய்து 1814இல் ஆங்கிலேயரிடம் ஓடினார். அதற்குப் பழியாக அவருடைய மனைவி மக்களை ராஜா கொன்ற விதம் கண்டியையே உறைய வைத்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாயின் கண்முன் வெட்டி, தாயைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். நம்மவர்களில் சிலர் இவனை ‘கடைசித் தமிழ் மன்னன்’ என்று மாலை போட்டு வணங்கும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது. அதேபோல, இந்தக் கொடூரம் ஆங்கிலேயருக்கு எவ்வளவு சௌகரியமாக அமைந்தது என்பதையும் தாண்டக் கூடாது. கண்டியில் அங்கம் அறுக்கப்பட்ட வணிகர்கள் சிலர் கொழும்பு வந்து சேர்ந்ததும், 1815 ஜனவரியில் பிரவுன்ரிக் வெளியிட்ட பிரகடனத்தில் படையெடுப்புக்கு ‘விடுதலை’யின் சாயல் வந்துவிட்டது.

படை பல பிரிவுகளாக ஏறியது. முதல் அதிகார் மொல்லிகொட தன் ஆட்களோடு ஆங்கிலேயர் பக்கம் வந்துவிட்டார். பிப்ரவரி 14ஆம் தேதி கண்டி காலியாகக் கிடந்தது. நான்கு நாள் கழித்து, மெதமகாநுவர அருகே ஒளிந்திருந்த வீட்டில் ராஜாவைப் பிடித்தவர்கள் ஆங்கிலச் சிப்பாய்கள் இல்லை, அவனுடைய குடிமக்களே. கட்டி இழுத்தார்கள், ராணிகளின் நகைகளைப் பிடுங்கினார்கள். அதிலிருந்து மீட்டு, மரியாதையோடு பல்லக்கில் ஏற்றி அனுப்பும் வாய்ப்பு டொயிலிக்குக் கிடைத்தது. தற்செயலாகவே இருக்கலாம், ஆனால் நாடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை யாரும் எழுதியிருக்க முடியாது.

இனி சாசனத்துக்கு வருவோம். மலபார் அரசனின் கொடுமைகளால் அவனுடைய உரிமை அற்றுப்போனது என்று அது தொடங்குகிறது. அன்றைய ஐரோப்பியர் தமிழரையும் தென்னிந்தியரையும் மலபார்கள் என்றே எழுதினார்கள். ராஜாவின் உறவினர், உறவினர் என்று சொல்லிக்கொள்கிறவர், எல்லாருமே அரசின் எதிரிகள். வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதி இல்லாமல் திரும்பி வரக் கூடாது, வந்தால் தண்டனை என்று மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஐந்தாம் பிரிவு பௌத்தத்தைக் காப்பதாக உறுதி சொல்கிறது. பிரதானிகளின் உரிமைகளும் நாட்டு வழக்கங்களும் அப்படியே இருக்கும் என்று மற்றப் பிரிவுகள். கீழே கையொப்பங்கள். அவற்றில் சில தமிழ் எழுத்தில் இருப்பதைப் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கண்டி அரசவையில் தமிழ் புழங்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தமிழரை நாடு கடத்தும் பத்திரத்தில் தமிழ்க் கையெழுத்து என்று இதைக் கேலி செய்வது எளிது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அதில் முரண் எதுவும் தெரிந்திருக்காது. அவர்களுக்கு ‘மலபார்’ என்பது ஒரு அரச குடும்பமும் அதன் கூட்டமும். ஒரு இனம் என்ற அர்த்தம் பிற்பாடு ஏறியது.

அந்த மண்டபத்தில் பிரதானிகள் என்ன நினைத்திருப்பார்கள்? லண்டனில் இருக்கும் ராஜா மதுரையிலிருந்து வந்தவனைவிடத் தூரத்து ராஜா. அரண்மனைக்கு வரமாட்டார், கட்டளை போடமாட்டார், மனைவி மக்களை வெட்டமாட்டார். வழக்கம் போல நாட்டை நாமே நடத்தலாம். இதில் அவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வந்த ராஜா எவனாக இருந்தாலும் கண்டிக்குள் வந்து, கண்டியின் சடங்குகளுக்குக் கட்டுப்பட்டே ராஜாவானான். தலதா மாளிகையில் உள்ள புத்தரின் புனிதப் பல்லைக் காப்பவன் அவன். பெரஹர ஊர்வலம் நடத்துபவன் அவன். நெற்றியில் நீறு பூசி வளர்ந்த கீர்த்தி ஸ்ரீகூட பௌத்த அரசனாக மாற வேண்டியிருந்தது. மூன்றாம் ஜார்ஜை அப்படி எந்தச் சடங்கும் கட்டாது. ராஜாவை மாற்றியதாக நினைத்தவர்கள் ராஜ பதவியையே இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தார்கள்.

இதை அவர்கள் உணர இரண்டரை வருஷம் ஆனது. சாதாரண வெள்ளைச் சிப்பாய் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் திசாவை நடந்து போக வேண்டியிருந்தது. அதிகாரம் ஏஜண்டுகளிடமும் படைத் தளபதிகளிடமும் இருந்தது. 1817இல் கண்டிப் பிரதேசமான ஊவாவில் கலகம் வெடித்தது. அதன் முகமாக நின்றவன் வில்பாவ என்ற முன்னாள் பிக்கு, சிங்களவன். ஆனால் அவன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான் தெரியுமா? துரைசாமி என்று. நாயக்கர் அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசன் என்று. மலபார் கொடுங்கோலிலிருந்து மீட்டதாகச் சாசனம் எழுதி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. மக்களைத் திரட்ட ஒரு மலபார் ராஜாவின் பெயர் தேவைப்பட்டது. இலங்கை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொய் இது. நாயக்கர் ஆட்சியை மக்கள் வெறுத்தார்கள் என்ற பிரகடனத்தை, எந்த ஆராய்ச்சியாளரைவிடவும் தெளிவாக வில்பாவ மறுத்துவிட்டான்.

அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். தலதா புனிதப் பல்லும் கொஞ்ச காலம் கலகக்காரர் பக்கம் போனது. அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியதும் கலகம் ஒடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊவாவின் வீடுகளும் வயல்களும் தோப்புகளும் எரிக்கப்பட்டன. கண்டியர் பக்கம் இறந்தவர்கள் பத்தாயிரம் பேர் வரை இருக்கலாம் என்பது அந்தக் காலத்து ஆங்கில மருத்துவ அதிகாரி ஒருவரின் மதிப்பீடு. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை இன்னொரு ராணுவ மருத்துவரான ஹென்றி மார்ஷல் எடின்பரோவுக்குக் கொண்டுபோய், மண்டையோட்டை அளந்து குணம் சொல்லும் சங்கத்துக்குக் கொடுத்தார். அதே மார்ஷல் பிற்காலத்தில் எழுதிய இலங்கை நூலில் கெப்பெட்டிபொலவைப் பரிவோடு எழுதியிருக்கிறார். அபகரித்தவரே அஞ்சலியும் எழுதுவது அந்த நூற்றாண்டின் வழக்கம். மண்டையோடு சுதந்திரத்துக்குப் பிறகே கண்டிக்குத் திரும்பியது.

எஹெலபொலவுக்கு ராஜாவாகும் ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. பதவி எதையும் ஏற்காமல் ‘பிரிட்டிஷ் அரசின் நண்பர்’ என்ற பட்டத்தோடு இருந்தவரைக் கலகத்தின்போது சந்தேகத்தில் பிடித்து, பின்னர் மொரீசியஸுக்கு நாடு கடத்தினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். சொந்த ராஜாவிடமிருந்து தப்பியவர், தன் நண்பரிடமிருந்து தப்ப முடியவில்லை.

1818 நவம்பர் 21இல் வந்த புதுப் பிரகடனம் 1815 சாசனத்தின் பல்லைப் பிடுங்கியது. பிரதானிகள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். நெல் விளைச்சலில் பத்தில் ஒன்று வரி. வெள்ளை அதிகாரிக்கு எப்படி வணக்கம் செலுத்த வேண்டும் என்பதுவரை அதில் விதி எழுதினார்கள்.

ராஜாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1816 ஜனவரியில் கப்பலேற்றி மதராஸ் வழியாக வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். அவன் வேலூர்க் கோட்டையில் பதினாறு வருஷம் இருந்தான். கோட்டைக்குள் இப்போதும் ஹைதர் மகால், திப்பு மகால் என்று கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றோடு கண்டி மகால் என்றும் ஒன்று. திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த கோட்டை. 1806 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு வந்த விருந்தாளி இவன். 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தான். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று அவனுடைய நினைவிடம் இருக்கிறது. வேலூர்க்காரர்களிடம் வழி கேட்டால் சொல்வார்கள். யாருடைய சமாதி என்று கேட்டால் சிலர்தான் சொல்வார்கள். அவனுடைய சிம்மாசனம் வின்ட்சர் கோட்டைக்குப் போய் 1934இல் திரும்பியது. அந்தச் சிம்மாசனமே டச்சுக்காரர்கள் 1693இல் கொடுத்த அன்பளிப்பு என்பது கேட்பவர்களுக்கு எப்போதும் ஏமாற்றம் தரும் தகவல்.

ராஜா போன பின்னும் ராஜகாரியம் போகவில்லை. நிலம் வைத்திருப்பவன் அரசனுக்குச் செய்ய வேண்டிய ஊழியம் அது. கண்டி ஏரியை வெட்ட ராஜா ஆட்களைப் பிடித்தான் என்பது அவன் மேலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதே ராஜகாரியத்தை வைத்துத்தான் 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் கொழும்பு-கண்டி சாலையைப் போட்டார். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து போகும் அந்தச் சாலைதான் மலையின் கடைசி அரணை உடைத்தது. மழையும் கொசுவும் இனி யாருக்கும் காவல் இல்லை. சாலை முடிந்த பிறகு, 1832இல், கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரையின் பேரில் ராஜகாரியத்தை ஒழித்தார்கள். அடுத்த வருஷம் கண்டி மாகாணங்களின் தனி நிர்வாகத்தையும் கலைத்து, கரையோரத்தோடு இணைத்தார்கள். கண்டி என்ற ராஜ்யம் காகிதத்தில்கூட இல்லாமல் போனது அப்போதுதான். 1840இல் வந்த முடிக்குரிய நிலச் சட்டம் காட்டையும் சேனைப் பயிர்நிலத்தையும் அரசுச் சொத்தாக்கியது; துரைமார் மலிவு விலைக்கு வாங்கினார்கள். காப்பி வந்தது.

காப்பித் தோட்டத்தில் கூலிக்கு வரக் கண்டிச் சிங்களவர் தயாராக இல்லை. ஆள் வேண்டும். எங்கிருந்து? 1815 சாசனம் கதவடைத்த அதே தென்னிந்தியாவிலிருந்து. மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சம் வந்தபோதெல்லாம் கங்காணிகள் வந்தார்கள். ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் கணக்கில் வராதவர்கள். நம் கிராமங்களில் அந்த மலைநாட்டுக்குக் ‘கண்டிச் சீமை’ என்று பெயர். ராஜா இருந்தபோது அந்தச் சீமைக்குப் பெண் கொடுத்தது மதுரை. ராஜா போனபின் தோட்டத்து லயத்துக்கு ஆள் கொடுத்ததும் மதுரைதான். மூன்றாம் பிரிவை யாரும் ரத்து செய்யவில்லை. அது நினைவுக்கு வர வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

நினைவுக்கு வந்தது நூறு வருஷம் கழித்து. 1927இல் டொனமோர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, கண்டி தேசிய சபை கண்டியர்கள் தனித் தேசத்தவர் என்று வாதிட்டு சமஷ்டி கேட்டது. கண்டிக்கு ஒன்று, தமிழர் பகுதிக்கு ஒன்று, கரையோரச் சிங்களவருக்கு ஒன்று என மூன்று அலகு. 1815 சாசனம் அவர்களுடைய வாதத்தின் கையிருப்பு. இலங்கையில் சமஷ்டியை முதலில் கேட்ட கட்சி தமிழருடையது என்று நினைப்பவர்கள் இந்த மனுவைப் பார்க்க வேண்டும். அதோடு, தோட்டத் தமிழருக்கு வாக்குரிமை கொடுப்பதை அவர்கள் எதிர்த்தார்கள். தங்கள் நிலத்தில் தாங்களே சிறுபான்மையாகிவிடுவோம் என்ற பயம். நிலத்தை எடுத்தவன் வெள்ளைக்காரன், பயம் மட்டும் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள் மேல். பயத்தை நான் கேலி செய்யவில்லை. தங்கள் கிராமத்துக்கு மேலே மலை முழுவதும் ஒரு தலைமுறைக்குள் கைமாறுவதைப் பார்த்தவர்களின் பயம் அது. அதைத் தீர்க்க வேண்டிய இடத்தில் தீர்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

சமஷ்டி கிடைக்கவில்லை. வாக்குரிமை 1931இல் நிபந்தனைகளோடு வந்தது. சுதந்திரம் வந்த 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். சிறிமாவோ, கண்டிப் பிரதானிக் குலமான ரத்வத்த குடும்பத்தின் மகள். 1815 சாசனத்தில் கையொப்பமிட்டவர்களில் மாத்தளை திசாவை ரத்வத்தவும் ஒருவர். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்தவர்களில் பலரை நீலகிரியில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கம் அவர்களுக்கு இன்றும் ‘சிலோன்காரர்’ என்றே பெயர்.